டென்டுக்குள்ள ரெண்டு பேரு

இல்ல மேடம், ஜிப்பத் தொறக்காதீங்க. அவரு உள்ள இல்ல. பின்னால டாய்லெட்டுக்குப் போயிருக்காரு. நீங்க ரெண்டுன்னு எழுதிக்குங்க. காலையில வந்த மலாய்க்காரப் பிள்ள அப்படித்தான் எழுதிட்டுப் போச்சு.

உங்க டேக்க இப்படித் திருப்புங்க, பாப்போம். ஷாந்தினி. வெல்ஃபேரா? சரி, சரி. கோவிச்சுக்காதீங்க மேடம். கழுத்துல ஒரு டேக்க மாட்டிக்கிட்டு வர்றவங்க எல்லாரையும் நம்பிட முடியுமா? போன வெள்ளத்துல இப்படித்தான் ஒருத்தன் டென்ட் டென்டா வந்து ஐசி அடையாளக் கார்டு நகல் வாங்கிட்டுப் போனான். எதுக்கு வாங்கினான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நான் ரோஸ். வீட்டுக்காரரு கிளீட்டஸ். நேத்து காலையில ஆறு கரை தாண்டினதும் எங்க லைன் வீட்டு ஆளுங்க மொத்தத்தையும் லாரியில ஏத்தி இந்த ஸ்கூல் ஹால்ல கொண்டாந்து எறக்கிட்டாங்க. அதெல்லாம் உங்க பேப்பர்லயே இருக்குமே.

என்னைக் கேக்கறதுக்கு முன்னால பக்கத்து டென்ட்டுக் காளிமுத்துவக் கேளுங்க. ஆறு பேருன்னு எழுதி வச்சிருக்கான். நேத்துலேர்ந்து நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன், அஞ்சு தலைக்கு மேல பாக்கல. ஆனா ஆறு பொட்டலம் சோறு, ஆறு போர்வை, ஆறு பாய். அவனை யாரும் கேக்க மாட்டேங்கறீங்க லா.

ஓ, அவன் பெரிய பையன் ஃபேக்டரிக்குப் போறானா? கேட்டுல புக்குல கையெழுத்துப் போட்டுட்டா? திரும்பி வந்தா மறுபடியும் போடணுமா? அப்ப வெளிய போற ஒவ்வொரு ஆளு பேரும் அந்த புக்குல இருக்கும்ங்கறீங்க.

இல்ல, எங்க வீட்டுக்காரரு போடல. அவருதான் வெளிய போகலயே, அப்புறம் எப்படிப் போடுவாரு?

தெரியாமத்தான் கேக்கறேன், எதுக்குக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எண்றீங்க? சாப்பாட்டுக்கா. சாப்பாட்டுக்கு மட்டுந்தானா? ஆளு குறைஞ்சா போலீஸ அனுப்புவாங்க, வீட்ட விட்டு வராதவன இழுத்துட்டு வந்து கேஸ் போடுவாங்கன்னு சோறு கட்டற மீனம்மா சொல்றாங்க. அதெல்லாம் இல்லைன்னு நீங்க சொல்றீங்க. எத நம்பறது நான்?

டென்ட் வாசல்ல இருக்கற அந்தப் பொட்டலமா? அவரோடதுதான். பசியில்லன்னு வச்சுட்டாரு. ஆமா, நாலும் அவரோடதுதான். நேத்து மத்தியானத்துதும் இருக்கு. நாறுதா? வீசிடறேன், விடுங்க. அந்தப் பாய்க்கு என்ன? காலையில எந்திரிச்சதும் சுருட்டிக் கட்டி வச்சுடுவாரு. ப்ளாஸ்டிக் பிரிக்கலன்னா என்ன, அவரு சுத்தக்காரரு. நீங்க வெல்ஃபேரா, போலீஸா?

உக்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டா எனக்குப் பயமா இருக்கு.

அவருக்கு ஆடுங்கன்னா உசிரு. பதினொண்ணு இருக்கு, அதுல ரெண்டு சினை. இங்க ஆடு, கோழி, நாய் எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு கேட்லயே ஒட்டி வச்சிருக்கீங்க. நியாயந்தான், கைப்புள்ளைங்க படுக்கற ஹால்ல ஆட்டக் கட்ட முடியுமா? ஆனா போன வெள்ளத்துல நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பேரும் ஒழுங்கா வந்தோம் மேடம். ஆட்ட மேட்டுல கட்டிட்டு வந்தோம். தண்ணி வடிஞ்சு போய்ப் பாத்தா நாலக் காணோம். கயிறு அறுந்திருந்தா தண்ணி கொண்டு போச்சுன்னு மனச ஆத்திக்கலாம். கயித்த அவுத்து, அழகா சுருட்டி, கம்பத்துலயே மாட்டிட்டுப் போயிருக்கானுங்க. அதுக்கப்புறம் மனுசன் யாரத்தான் நம்புவாரு?

நேத்து லாரி வந்தப்ப சொன்னாரு, நீ போ, என் பேரையும் சேத்துக் குடுத்துடு, ஆட்டயெல்லாம் பழைய ஸ்டோர் பரண் மேல ஏத்திட்டு அடுத்த லாரியில வந்துடறேன்னு. குடுத்தேன். அவரு கையெழுத்தையும் நானே போட்டேன். தனியாளா வந்தா கிளாஸ்ரூம்ல பத்துப் பொம்பளைங்களோட, குடும்பமா வந்தாத்தான் டென்ட்டுன்னாங்க. எப்படியும் வரப்போற மனுசன்தானேன்னு நெனச்சேன்.

அடுத்த லாரி வரல. ரோட்டுல தண்ணி ஏறிடுச்சுன்னு பாதியிலயே திருப்பிட்டாங்களாம்.

பேசினாரு மேடம். நேத்து சாயங்காலம் வரைக்கும் ஃபோன்ல பேசினாரு. வீட்டுக்குள்ள இடுப்பளவு வந்துருச்சு, நான் ஸ்டோர் மேல ஆட்டோடதான் இருக்கேன், ஆபிசருங்ககிட்ட வாயத் தொறக்காத, தொறந்தா ரெஸ்க்யூ போட்டு வந்து என்னை மட்டும் ஏத்திட்டுப் போயிடும், ஆடெல்லாம் போச்சுன்னாரு. நானும் தொறக்கல. நேத்து எண்ண வந்தப்ப சிகரெட் குடிக்கப் போயிருக்காருன்னேன். இன்னிக்குக் காலையில குளிக்கப் போயிருக்காருன்னேன். இப்ப உங்ககிட்ட டாய்லெட்டு.

விடிஞ்சதுலேர்ந்து நான் கூப்பிட்டாலும் அவரு ஃபோன் அடிக்கல.

பேட்டரி தீந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். ஸ்டோரு நல்ல உசரம், பலகைதான் கொஞ்சம் பழசு.

இந்த ஹால் வாசல்ல போர்டு இருக்கே, நீங்கதான் எழுதினீங்களா? மத்தியானம் போய்ப் பாத்தேன். எங்க லைனு, பதினாலு குடும்பம், அம்பத்திரண்டு பேரு, எல்லாரும் வந்தாச்சு. கடைசிக் கட்டத்துல, இன்னும் வரவேண்டிய ஆளு சைபர். பொம்பாக்காரங்க, அந்தத் தீயணைப்பு ஆளுங்ககிட்டப் போய் உங்க ரெஸ்க்யூ போட்டு எங்க லைன் பக்கம் போகுமான்னு சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போட்டுன்னு ஒருத்தரு சிரிக்கறாரு. நான் எழுதிக் குடுத்ததத்தான் அவரு சொல்றாரு, அவர என்ன சொல்றது?

திடலப் பாருங்க, அந்த ஜன்னல் வழியா. ரெஸ்க்யூ போட்டத் தூக்கி லாரியில ஏத்திக் கயிறு கட்டிக்கிட்டு இருக்காங்க. சிம்பாங் அம்பாட் பக்கம் தண்ணி ஏறுதாம், அங்க கூப்பிட்டுட்டாங்களாம். அதப் பாத்துக்கிட்டுதான் மேடம் நீங்க வந்ததுலேர்ந்து பேசிக்கிட்டு இருக்கேன்.

காளிமுத்து டென்ட்டு சரியாத்தான் இருக்கு. என்னோடதுலதான் ஒரு தலை குறையுது. அந்தக் கட்டத்துல சைபர அழிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதணும். இல்லம்மா, அத அப்புறமா எழுதிக்கலாம், முதல்ல ஓடிப்போய் அந்த லாரிய நிறுத்து. ஆட்டப் பத்தி எதுவும் சொல்லாத. ஸ்டோர் மேல ஒரு ஆளு இருக்காருன்னு மட்டும் சொல்லு.