நானும்தான் குதிச்சேன்

கும்பகோணத்திலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பால்வாடி டீச்சர். மற்றவர் அந்தப் பால்வாடியில் படிக்கும் ஆயிஷா என்ற சிறுமியின் தாய்.

"டீச்சர், உங்ககிட்ட நானும்தான் படிச்சேன்," என்றார் தாய்.

டீச்சருக்குப் புரியவில்லை.

"தரையில எழுத்தெல்லாம் எழுதிவச்சு, நீங்க 'மா'ன்னு சத்தம் கொடுத்தா புள்ளைங்க அந்த எழுத்து மேல தவளை மாதிரி குதிக்குங்களே, அந்த விளையாட்டுதான். வீட்ல ஆயிஷாகூட விளையாட ஆளில்ல. நான்தான் குதிச்சேன்."

"நீங்களா?"

"தினமும். நாலஞ்சு மாசத்துல எழுத்தெல்லாம் பிடிபட்டுடுச்சு. முன்னெல்லாம் சவூதியிலேர்ந்து ஆயிஷாவோட வாப்பா லெட்டர் போட்டா, பக்கத்து வீட்டுலதான் படிச்சுச் சொல்லுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி வந்ததை எழுத்துக்கூட்டி நானே படிச்சேன். பதிலும் நானே எழுதினேன்."

"அதுக்கு அவரு என்ன எழுதினாரு?"

"இத்தனை வருஷமா 'நலம், நலமறிய ஆவல்'னு ஒரு பக்கம்தான் வரும். இனிமே நான் மட்டும்தான் படிப்பேன்னு தெரிஞ்சதும் நாலு பக்கம் எழுதியிருக்காங்க."

"நாலு பக்கமா? அப்படி என்ன இருந்துச்சு?"

தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அதை மட்டும் கேக்காதீங்க டீச்சர்."

பிறகு டீச்சரின் கையைப் பிடித்தவர், நாகூர் வரும்வரை விடவில்லை.