ஷீலாவின் மண்ணீரல்

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் தணிந்த பெண் குரலுக்கு எப்போதுமே ஆள் பஞ்சம். இருப்பவர் ஷீலா அக்கா ஒருவர்தான். நான் பக்கம் தெரியாமல் முழிக்கும்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் கொடுப்பவரும் அவர்தான். விசாரணைக் குழுவினர் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வேதசிரோமணி. கேளம்பாக்கம் பக்கத்திலுள்ள இந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. கிறிஸ்டியின் முனைவர் பட்ட ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். எலிக்கு ஒருமுறை மலேரியா கொடுத்துக் குணமாக்க வேண்டும். பிறகு மறுபடியும் அதே மலேரியா. நோய் எதிர்ப்பு செல்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு, முதல் தடவையைவிட வேகமாகப் பாய்கின்றனவா? அதை மண்ணீரலை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எடுத்த பிறகு எலி இருக்காது.

எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, காதில் போடும் துளைதான் அடையாளம் என்பது இங்கே விதி. நான் வைத்துவிட்டேன். முதல் காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒன்று, தேறியதும் கீச்சென்றது. நல்ல ஆல்டோ. ஷீலா என்று கூப்பிட்டேன். எல்லாமே பெண் எலிகள் என்பதால் ரத்தினபாய், ஹெப்சி என்று பாடகர் குழுவே நிறைந்துவிட்டது. புதன்கிழமை ஷீலாவின் மண்ணீரலை எடுக்கக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஷீலா அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே கிழக்குத் தாம்பரத்தில் லவ் பேர்ட்ஸ் விற்கும் சிட்டிபாபுவிடம் அதே மாதிரி வெள்ளெலி வாங்கினேன். காதில் அதே இடத்தில் துளை போட்டுக் கூண்டில் விட்டேன். ஷீலா என் சாப்பாட்டுப் பையில் பீர்க்கன்கரணையிலுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

"இன்னா சார், வாராவாரம் எலி வாங்கினு போற? வூட்ல பாம்பு எதுனா கீதா?" என்றான் சிட்டிபாபு.

"படிப்பு விஷயம்ப்பா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

கிறிஸ்டிதான் குழம்பிப்போனாள். "அண்ணா, முந்தாநாள் ரத்தம் பூரா மலேரியா. இன்னைக்கு ஒரு கிருமிகூட இல்ல. ஆனா செல்லெல்லாம் நிம்மதியா தூங்குது. அப்ப யாரு தொரத்தினது?"

"கர்த்தர்தாம்மா."

"அதை தீசிஸ்ல எப்படிண்ணா எழுதுறது?"

அவளுடைய வழிகாட்டி ஜெயகிருஷ்ணன் சார், இது உலகம் அறியாத புது செல் ஒன்றின் வேலை என்று முடிவு கட்டினார். அதைக் கண்டுபிடித்தால்தான் பட்டம். கிறிஸ்டி டெனிஸுடன் நடக்க இருந்த கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த செல்லைத் தேடினாள். சில நாள் கேன்டீனில் உட்கார்ந்து அழுவாள். நான் டீ வாங்கிக் கொடுத்து, விடாமல் தேடும்மா என்று தைரியம் சொல்வேன். அந்த அளவுக்கு அந்தப் பெண்மேல் எனக்கு அக்கறை உண்டு.

போன வாரம், பெண் எலிகள் மட்டுமே இருந்த கூண்டில் ஒன்று குட்டி போட்டது. சிட்டிபாபு கடையில் ஆண், பெண் பிரித்து வைக்கும் வழக்கமில்லை. ஜெயகிருஷ்ணன் சார் இதுவும் மலேரியாவின் விளைவாக இருக்கலாம் என்றார். கிறிஸ்டி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. மாற்றியது அத்தனையும் நான்தான் என்று சொல்லி, மீன் தொட்டியைக் காட்டினேன். இரண்டாம் மலேரியாவையும் ஜெயித்துவிட்டுக் குழு மொத்தமும் கொழுகொழுவென்று பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தது. அவள் முதலில் நினைத்ததே சரி. செல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இத்தனை நாளா நான் அறுத்ததெல்லாம் யாருண்ணா?"

"யாருமே இல்லம்மா" என்று அவளைத் தேற்றினேன். "அதுங்களுக்கு நான் பேரே வைக்கலயே."