திரும்பப் பிறக்கச் சொல்லி வந்த போன்

"அலோ... ஆமாம்பா, ரெண்டு ஒண்ணு எட்டுதான்... அம்சவேணிதான் பேசறேன். பயப்படாத கண்ணு, மெதுவா சொல்லு. எங்க நிக்கிற, பஸ் ஸ்டாண்டா, ஆஸ்பத்திரியா? சாப்ட்டியா?... இன்னாது?... ஓ. மன்னிச்சுக்கோங்க ஐயா, எங்க புள்ளைங்க யாரோன்னு நெனச்சுட்டேன்... சொல்லுங்க, யாரு பேசறது?"

அந்த டெலிபோன் அம்சவேணியுடையது இல்லை. பிள்ளையார்பாளையத்தில் தேவசகாயம் வைத்திருந்த மருந்துக் கடையுடையது. கடைக்குப் பின்சந்தில் அவள் வீடு. ஆணாய்ப் பிறந்தும் மனசு பெண்ணாய் இருந்த பிள்ளைகள், இன்னொரு பையன்மேல் ஆசை வைத்ததற்காக அண்ணன்மாரிடம் உதை வாங்கிய பிள்ளைகள், இப்படி வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் யாராயிருந்தாலும் எந்த ஊரிலிருந்தும் அந்த மூன்று எண்ணைக் கேட்டுப் பேசலாம். அம்சவேணி போய் அழைத்து வந்துவிடுவாள். முதலில் சோறு, அப்புறம்தான் கேள்வி என்பது அவள் வீட்டுச் சட்டம். அவளும் அப்படிப்பட்டவள்தான். பதினெட்டு வயதில் தென்னேரியிலிருந்து கட்டிய துணியோடு ஓடிவந்து, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள். இந்த எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அவள் வீட்டில் ஏழு பேர் தார் சுற்றுகிறார்கள்.

"எந்தக் கலியாணசுந்தரம்?... பெரிய காஞ்சிபுரமா?... எட்டு தறி... ஓகோ. நீங்களா."

கடைக்குள் உட்கார்ந்து சூரணப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த, அந்த ஏழு பேரில் ஒருத்தியான வடிவாம்பாளின் கை அப்படியே நின்றுவிட்டது. அது அவள் அப்பாவின் பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் வரதராஜன் என்ற பெயரோடு பதினாறு வயதில் இருந்தபோது, தங்கை மணியம்மாளின் தாவணியை எடுத்துக் கட்டிப் பார்த்த குற்றத்துக்காக, நூல் சுற்றும் கட்டையாலேயே அடித்துத் துரத்தியவர் இந்தக் கலியாணசுந்தரம். துரத்தியதோடு விட்டாரா மனுஷன்? மகன் வெளியூரில் வாந்திபேதியில் போய்விட்டான், உடம்புகூடக் கிடைக்கவில்லை என்று தெருவெல்லாம் அழுதார். குளக்கரையில் தர்ப்பைப் புல்லால் ஒரு உடம்பு பண்ணி, அதற்கு மகனுடைய சட்டையை மாட்டி, கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டுக்குத் தெருவே உட்கார்ந்தது. அந்தச் சேதி பின்சந்துக்கு வந்த அன்று வடிவுக்குக் கண்ட காய்ச்சல் இறங்கப் பத்து நாள் ஆனது.

"நல்லா இருக்குது ஐயா. உங்க வூட்டுலேந்து எங்க வூட்டுக்கு நடந்தா அரை மணி நேரம். மூணு வருஷமா வராத ஆளு இன்னிக்கு போன்ல வந்திருக்கீங்க... எங்கேந்து பேசறீங்க, பட்டுக் கடை மாடியிலேந்தா?... பக்கத்துல யாரு?... சாஸ்திரியாரா. சரி சரி. விஷயத்த சொல்லுங்க... எது?... எது எங்க இருக்குது?... ஐயா, அது இதுன்னு சொல்லாதீங்க. அது இதுன்னு சொல்றதுக்கு எங்க வூட்டுல ஆடு மாடு இல்ல. ஆளுங்கதான் இருக்கிறாங்க... ம்... வடிவுன்னு சொல்லுங்க. வாயில வரலன்னா உங்க புள்ளன்னு சொல்லுங்க... ரெண்டும் வராதா. அப்ப உங்க இஷ்டம், கேட்டுக்கினு இருக்கேன்."

அம்சவேணி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அழுகின தேங்காயை உடைத்தவள் முகம்போல அவள் முகம் ஆகிவிட்டது. தேவசகாயம் மிக்சர் பாட்டிலைக் குலுக்குவதை நிறுத்தி, என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். அவள் உள்ளங்கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

"மணியம்மாளுக்கு வரன் வந்திருக்குதா? சந்தோசம்... ஆவணியிலயா... ம், ம்... மாப்பிள்ள வூட்டுக்காரங்க வடிவ பாத்துட்டாங்களா? எங்க?... ரேஷன் கடையில. ஆமா, மண்ணெண்ணெய்க்கு நான்தான் அனுப்பினேன். கார்டும் டின்னுமா க்யூவுல நிக்காம வேற எப்பிடி வாங்குறது?... செத்தவன் எப்பிடிப்பா மண்ணெண்ணெய் வாங்குறான்னு கேட்டாங்களா? கேக்க மாட்டாங்களா பின்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி பண்ணின வீட்டில் பெண்ணெடுத்தால் தங்கள் வீட்டிலும் எழவு விழும் என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிட்டார்கள். அந்தத் தோஷம் கழிந்தால்தான் தாம்பூலம் மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் அம்சவேணி வாய்விட்டுத் திரும்பச் சொல்லச் சொல்ல, வடிவும் தேவசகாயமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு சாஸ்திரியார் இன்னா வழி சொல்றாரு?... இன்னாது, திரும்பப் பொறக்கணுமா?... இல்ல இல்ல, புரியுது. புரியாம இல்ல. காசிக்குப் போனவங்க கதைதானே. அம்மா மடியில உக்கார வெச்சு பேரு சொல்றது."

அவளுக்கு அந்த வழக்கம் தெரியும். காசிக்குப் போனவர் வருஷக்கணக்கில் வராவிட்டால் செத்துப்போனார் என்று எண்ணி வீட்டார் காரியம் பண்ணிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் ஆள் தாடியும் மீசையுமாக வந்து வாசலில் நின்றால், அப்படியே உள்ளே விட மாட்டார்கள். அன்று பிறந்த குழந்தைக்குச் செய்வதெல்லாம் செய்ய வேண்டும். குளிப்பாட்டித் தாய் மடியில் வைத்து, தகப்பன் வலது காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் உயிரோடு இருப்பவர்.

வடிவு பொட்டலங்களை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அம்மா மடி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்தவள்தான். அம்சவேணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ரிசீவரில் அப்பா குரல் கேட்குமா என்று தலையைச் சாய்த்தாள்.

"சரிங்க. என்னிக்கி?... வர்ற புதன்கிழமை... ம்... தலைய மழிக்கணுமா... வேட்டியா... ம்... கொல்லப்பக்கமா வரணும், சரி... இன்னாது?... மடியில பலகையா?... அம்மா மடியில பலகை போட்டு, பலகை மேல ஈரத்துணி போட்டு, அதுக்கு மேல உக்காரணுமா? எதுக்கு?... அவங்கள தொடக்கூடாதா. அவங்களே அப்பிடிச் சொன்னாங்களா, இல்ல நீங்க சொல்றீங்களா?... நீங்க சொல்றீங்க."

அம்சவேணிக்கு வாயில் எச்சில் ஊறியது. கடை வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் டெலிபோன் ஒயர் அவ்வளவு தூரம் வராது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு சொல்லுவாங்க. இத்தன நாளு அது சும்மா பழமொழின்னு நெனச்சுக்கினு இருந்தேன்... கோவப்படாதீங்க. கோவப்பட வேண்டிய ஆளு நான். பெத்த புள்ளய கொளுத்தினீங்க. சாம்பல கரைச்சீங்க. இப்ப பொண்ணு கல்யாணத்துக்கு ஆகணும்னு அந்தப் புள்ளய வாடகைக்கு கேக்கறீங்க, பந்தக்கால் மாதிரி... அனுப்ப மாட்டேன். போய் வேற..."

வடிவு அவள் வாயைப் பொத்தினாள்.

பத்தொன்பது வயசுப் பெண். மூன்று வருஷமாக வளர்த்துப் பின்னிய கூந்தல் பாதி முதுகைத் தொட்டது. அந்தக் கூந்தலைக் கையில் பிடித்துக் காட்டி, போனால் போகட்டும் என்பதுபோல் கையை வீசினாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள். அம்சவேணிக்கு முதலில் அவள்மேலும் வெறுப்புத்தான் வந்தது. மானம் ரோஷம் இல்லையா உனக்கு என்று கேட்க வாய் துடித்தது. அப்புறம் வடிவு குரலே எழும்பாமல் சொன்னாள். "பலகை மேலன்னாலும் அம்மா மடிதானேக்கா."

அம்சவேணி ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள்.

"அலோ... இருக்கேன், இருக்கேன்... கேளுங்க. புள்ள வர்றேன்னு சொல்லுது. எனக்கு இஷ்டமில்ல, அத நல்லா தெரிஞ்சுக்கோங்க. மொட்ட அடிச்சுக்குதாம். பலகை மேலயும் உக்காருதாம். ஆனா நான் ஒரே ஒண்ணு கேக்கறேன், அத செஞ்சா நானே கூட்டியாரேன்... பேரு. காதுல மூணு வாட்டி பேரு சொல்லணும்னு சாஸ்திரியார் சொல்றாருல்ல? பழைய பேர கொளுத்திட்டீங்க. அதுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சாச்சு. செத்தவன் பேர புதுசா பொறந்த கொழந்தைக்கு அன்னிக்கே வைப்பாங்களா? கேளுங்க அவர... வடிவாம்பாள்னு சொல்லணும்... ஆமா, பொம்பள பேருதான். பொறக்கப் போறது யாருன்னு நீங்கதான் தெரிஞ்சுக்கணும்... நெனச்சுப் பாருங்க. இருக்கேன்."

மறுமுனையில் ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பேர் முணுமுணுக்கும் சத்தம்.

அப்படி ஒரு யோசனை தனக்கு எப்படித் தோன்றியது என்று அம்சவேணிக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டு வயசு ஆகிறது அவளுக்கு, அவள் பெயரை அவள் அப்பன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இருபது வருஷத்தில் அவள் வீட்டுக்கு வந்துபோன எந்தப் பிள்ளையின் பெயரையும் எந்தத் தகப்பனும் சொன்னதில்லை. இந்தக் கேடுகெட்ட மனுஷன் வாயால் அது நடந்துவிட்டால், அவள் அவருக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுவாள். வாசலில் மருந்துக்கு வந்து நின்ற ஒரு அம்மாளைத் தேவசகாயம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"ஆங், சொல்லுங்க... சாஸ்திரத்துல தடையில்லயா?... அப்ப?... சரின்றீங்களா? நெசமா? வடிவாம்பாள்னு, நீங்க, உங்க வாயால?... மூணு தடவ?"

வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தேவசகாயம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அம்சவேணியின் குரலும் இறங்கிப்போனது. "நல்லது ஐயா. நான் ஏதாச்சும் துடுக்கா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. வயித்தெரிச்சல்ல வந்த வார்த்தை... புதன்கிழமை எத்தினி மணிக்கு?... காலையில ஆறு மணிக்கா... பழம் வெத்தல நாங்க வாங்கியாரோம்... அதெல்லாம் வேண்டாங்களா, சரி... அன்னிக்கி மத்தியானமே கிளம்பிடணும், அதுவும் சரி. அம்மா முகத்த பாத்தா போதும் அவளுக்கு... ம்... கல்யாணத்துக்கு வர மாட்டா, நான் பாத்துக்கறேன்... அப்பறம்?... கல்யாணம் முடிஞ்சு?... புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க."

அவள் முகம் மாறியது.

"மூணாம் மாசம்... எதுக்கு?... யாருக்கு?... மறுபடியும் கருமாதியா?"

வடிவு தலையைத் தூக்கினாள்.

"வடிவாம்பாள்னு பேரு சொல்லியா?... அதனாலதான் அந்தப் பேருக்கு ஒத்துக்கினீங்களா? அந்தப் பேருக்கும் ஒரு தரம் எள்ளு எறச்சுட்டா..."

புதன்கிழமை பிறக்க வைத்து, தங்கை கழுத்தில் தாலி ஏறினதும் திரும்பச் சாகடித்துவிடுவார்கள். இந்தத் தடவை வரதராஜனை இல்லை, வடிவாம்பாளையே. பிறகு க்யூவில் நின்றாலும் சரி, கோயிலில் நின்றாலும் சரி, இன்னாருடைய பிள்ளை என்று எவனும் கேட்க முடியாதாம். பஞ்சாயத்தில் எத்தனையோ வசவை வாங்கியவள் அம்சவேணி, ஸ்டேஷனில் லத்தியடியும் பட்டவள். அவள் வாயிலிருந்தே "ச்சீ" என்று மட்டும் வந்தது. அதுகூட ரிசீவருக்குள் போனதோ என்னவோ.

வடிவு எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். அம்சவேணியின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். அம்சவேணி தடுக்கவில்லை.

"அப்பா... நான்தான்... ஆமா, நான்தான் பேசறேன்... வெச்சுடாதப்பா, ஒரு நிமிசம். அம்மா நல்லா இருக்குதா?... சரி, கேக்கல... மணிக்கு கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். மாப்பிள்ள வூட்டாருகிட்ட எம்புள்ள சாவல, நான்தான் பொய் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. தோஷம் அதுலயே போயிடும்... சொல்ல முடியாதா... அந்த ஒரு வார்த்த கூடவா?... ம்... ம்..."

அந்தப் பக்கம் பேச்சு வேகமாகப் போயிற்று, நடுவில் ஒருமுறை குரல் கெஞ்சவும் செய்தது. வடிவு அழவில்லை. விரலில் ஒட்டியிருந்த சூரணத்தைப் முந்தானை ஓரத்தில் துடைத்தாள்.

"இல்லப்பா, புதன்கிழமை வரல... கோவமெல்லாம் இல்ல. ஒரு தடவ செத்ததே போதும் எனக்கு."

ரிசீவரை அவள் மெதுவாக வைத்தாள். அது திரும்ப அடித்தது. இரண்டு தடவை அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எந்த ஊர்ப் பிள்ளை எங்கே நிற்கிறதோ என்று அந்த மணியை ஒருநாளும் அடிக்க விடாத அம்சவேணி, அன்றைக்கு மட்டும் அதை அடிக்க விட்டுவிட்டு, வடிவைக் கூட்டிக்கொண்டு சோறு போட வீட்டுக்குப் போனாள்.