நான்காவது திருத்தம்

கட்டுரை திருத்துவது எனக்குப் பிடித்த வேலை, மேடம். மற்ற ஆசிரியர்கள் அதைத் தலைவலி என்பார்கள். நான் மதியச் சாப்பாடு முடிந்ததும் சன்னலோரம் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் படிப்பேன். தேவாரம் பக்கத்தில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் அதற்காகவே எனக்கு ஒரு பெயர் உண்டு.

எட்டாம் வகுப்புக்கு, 'பெரியவர் ஒருவரை உங்கள் விருப்பத்துக்கு இணங்க வைக்கும்படி எழுதுக' என்று தலைப்புக் கொடுத்தேன். சிலர் சைக்கிள் கேட்டார்கள், ஒருவன் கோம்பை நாய்க்குட்டி கேட்டான். ஓவியா தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். வயது பதிமூன்று. அப்பா இல்லை. அம்மா பொன்னாத்தாள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். மாப்பிள்ளை கோம்பைக்காரர், தை மாதத்தில் கல்யாணம் என்பது மட்டும்தான் பிள்ளைக்குத் தெரியும்.

தாளை நீட்டியவள் நகராமல் நின்றாள். "இது நெசந்தான் சார். நீங்க படிச்சாப் போதும்," என்றாள்.

படித்தேன். பத்துக்கு நான்கு போட்டு, 'புலம்பல் அதிகம், காரணம் குறைவு, திரும்ப எழுது' என்று குறித்தேன். அன்றைக்கே உங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேச முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அதையும் சொல்கிறேன்.

அடுத்த வாரம் காரணங்களோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, நர்ஸ் படிப்பு, அம்மாவை மலையேற விடாத சம்பளம். எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்குப் பதில் எங்கே என்று கேட்டேன். பிறகு அதையும் எழுதினாள். வீட்டில் தனியாக இருக்கும் மகளை நினைத்து அம்மா பயப்படுகிறாள், அரசு விடுதியில் சேர்த்தால் அந்தப் பயம் போய்விடும் என்று. நல்ல வாதம். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் முடிவுரையில், 'எங்கள் சார் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா தட்டமாட்டாள்' என்று முடித்திருந்தாள். மதிப்பிடுகிறவரைக் கட்டுரைக்குள் இழுக்கக் கூடாது. அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

இதற்குள் தை பிறந்துவிட்டது. அந்த வரி இல்லாமல் நான்காவது முறை எழுதி வந்தாள். பத்துக்குப் பத்து. என் பணிக்காலத்தில் வேறு யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. ஒன்றிய அளவிலான கட்டுரைப் போட்டிக்கு அதை அனுப்பாமல் இருக்க என்னால் முடியவில்லை. அங்கே நடுவராக இருந்த ஜெபராணி டீச்சர் அதைக் கட்டுரையாகப் படிக்காமல் உங்களுக்குப் போன் போட்டுவிட்டார். அது மதிப்பீட்டு முறையே அல்ல. நீங்கள் கோம்பைக்கு வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

அன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மணையில் உட்கார்ந்திருந்த ஓவியா, வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். அவ்வளவு கூட்டத்திலும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தட்டிலிருந்து அட்சதையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய் நின்றேன். அதற்குப் பிறகு அவள் நிமிரவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை சுருளிராஜன் என் மனைவியின் தம்பி. முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. என் மனைவி ஜோதிலட்சுமி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம், "எந்தம்பி இப்படியே நிக்கட்டும்னு இருக்கீகளா?" என்பாள். வீட்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனையோ மாதம். பொன்னாத்தாளிடம் பெண் கேட்டுப் போனது நான்தான். அந்தக் கட்டுரைத் தலைப்பைக் கொடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டேன். அவள் எனக்குப் பாய் விரித்துவிட்டு வாசற்படியோரமே நின்றாள். கடைசியில், "வாத்தியாரே வந்து கேக்குறீக. நான் என்னத்தச் சொல்ல," என்றாள்.

எந்தப் பிள்ளை என்று என் மனைவி கேட்டபோது, ஓவியாவின் பெயரைச் சொன்னவனும் நான்தான். சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கிற பிள்ளை, குடும்பத்துக்கு ஒத்துப்போவாள் என்றேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், மேடம். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட்டதில் நான் எந்தப் பாரபட்சமும் காட்டவில்லை.