ஜெர்மன் தெரிந்த இன்னொருத்தர்

– விதி விதிதான் தாவூத். எங்கட மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில சேருற ஆளுக்கு, அந்தப் பாஷை தெரிஞ்ச இன்னொருத்தர் உறுதி சொல்லவேணும். மலாக்கா முழுக்கத் தேடினாலும் ஜெர்மன் தெரிஞ்ச இன்னொருத்தர் ஆர்?

– யாருமில்லைதான் ராஜரத்தினம் ஐயா. அதுக்காகப் பொன்னம்மா நர்சைத் தள்ளிவைக்கிறதா? சங்கம் பேர் கொடுத்தாத்தானே கோர்ட்ல கூப்பிடுவாங்க. முந்தாநாள் அவசரத்துக்கு நான் கூட்டிட்டுப் போனேன், அதோட சரி.

– நான் அவவைக் குறை சொல்லேல்லை. இஞ்ச காஜா பெராங் பக்கம் பாதிப் பிள்ளையள் அவவின்ர கையில பிறந்ததுகள்தான். தரங்கம்பாடி மிஷன்ல ஜெர்மன் சிஸ்டர்மாரோட வளந்தவ எண்டதும் தெரியும். ஆனா அவ சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகுது. சங்கம் கண்டபடி ஆள் சேர்த்தது எண்டு பேர் வந்தா, பிறகு எங்களை ஆர் மதிப்பினம்?

– நீங்க அன்னைக்குக் கோர்ட்ல இல்லைய்யா. இருந்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க.

– அப்பிடி என்ன நடந்தது?

– சரக்கு ஏத்துற தொங்காங் படகுக்காரன் ஒருத்தனோட மண்டைய ஒரு ஜெர்மன் கப்பல்காரன் உடைச்சதா கேஸ். கூண்டுல அவன், ஆள் நின்னா கதவு மறைஞ்சு போகும். கீழ நம்ம பொன்னம்மா, வெள்ளைச் சேலையும் கையில குடையுமா. அவங்கள ஒரு பார்வை பாத்தான் பாருங்க, யா அல்லாஹ். பாத்துட்டுக் கடகடன்னு என்னமோ கத்தினான்.

– என்னவாம்?

– அதையேதான் மாஜிஸ்திரேட்டும் கேட்டார். இந்தம்மா நிமிந்து நின்னு, குரல் பிசிறு தட்டாம இங்கிலீஷ்ல சொல்றாங்க: ‘இந்தக் கறுப்பியை நான் நம்பமாட்டேன். இவ பொய் சொல்வா. இவளை வெளிய அனுப்பிட்டு ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டாங்க.’

– அதை அவவே சொன்னவவோ?

– அவங்களேதான். அவன் ‘நான்’னு சொன்னா நாமளும் ‘நான்’னுதானே சொல்லணும். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழ வெச்சுட்டு, ‘யாரைச் சொல்றான்?’னார். ‘என்னைத்தான் ஐயா’ன்னாங்க.

– எல்லாருக்கும் முன்னாலயோ?

– முழுங்கியிருந்தா யாருக்குத் தெரியும்? தண்ணி கேக்கிறான்னு சொல்லியிருந்தாக்கூட நாங்க எல்லாம் தலையாட்டியிருப்போம். எனக்கு இவங்க பக்கத்துல நிக்கிறதே பெருமையா இருந்துச்சு ஐயா.

– பிறகு?

– பிறகென்ன, அவன் கேட்டபடியே நடந்துச்சு. கேஸைத் தள்ளிவெச்சு, சிங்கப்பூர்ல இருந்து ஒரு வெள்ளைக்கார இண்டர்பிரட்டரை வரச் சொன்னாங்க. இன்னைக்குக் காலையில வந்து இறங்கிட்டாராம். தன் வாயாலயே தன் வேலையைப் போக்கிக்கிட்டு, இந்தம்மா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டாங்க. அழக்கூட இல்ல.

– என்ர மனசு அவவைச் சேர்க்கத்தான் சொல்லுது. மனசைக் கேட்டுச் சங்கம் நடத்தேலாதே. பொறும், வாசலடியில ஆர்? அவவே வாறா. வாங்கோ பொன்னம்மா, இருங்கோ.

– உக்கார நேரமில்ல சார். வெளிய கோர்ட் பியூன் நிக்கிறார், கையோட வரச் சொல்றாங்க. சங்கத்துல சேர்றதுக்கு முன்னாடி நான் போகலாமான்னு உங்களைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.

– சிங்கப்பூர்த் துரை வந்திட்டாரே, பிறகு உங்களை ஏன்?

– அவர்தான் சார், அன்னைக்கு நான் சொன்னதைக் கோர்ட் பதிவுல படிச்சு, ஜெர்மன்ல அந்த ஆள்கிட்ட எடுத்துச் சொல்லி, இது சரியான்னு கேட்டிருக்கார். ஒரு சொல்லும் பிசகலைன்னு அவனே ஒத்துக்கிட்டானாம்.

– ஐயா, விதி கேட்ட ஆள் கிடைச்சாச்சு. லாக்கப்புல இருக்கான், அவ்வளவுதான்.

– சும்மா இரும் தாவூத். ஒத்துக்கொண்ட பிறகு என்ன சொன்னவன், பொன்னம்மா?

– துரையைத் திரும்பிப் போகச் சொல்லிட்டானாம் சார். ‘தன்னை ஏசினதையே குறைக்காமச் சொன்னவ, என் நியாயத்தையா குறைக்கப்போறா? அவளைக் கூப்பிடுங்க’ன்னானாம்.