வள்ளத்தை வள்ளம் இடித்தால்

"ஈயத்துல மோதினா நியூட்ரான் அப்படியே துள்ளித் திரும்பிடும். நம்ம உடம்புலதான் எல்லாத்தையும் இறக்கி வெச்சிடும்."

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் காலைப் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவனிடம் இப்படிச் சொன்னாள். தூறலில் காயலும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. படகு மிதப்பதே தெரியவில்லை.

"எதை இறக்கும்?"

"அதோட சக்தியை. கப்பலை வள்ளம் இடிச்சா கப்பல் அசையுமா? அதே எடையில இன்னொரு வள்ளத்தை நேரா இடிச்சா?"

"வந்தது நின்னுடும். நின்னது ஓடும்."

"நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவும் அப்படித்தான், ஒரே எடை. உடம்புல பாதிக்கு மேல தண்ணி, தண்ணியில ஹைட்ரஜன். எவ்வளவு சக்தி இறங்குதுன்னுதான் லேப்ல கணக்குப் போடறேன்."

"சரி, இன்னைக்கு எதுக்கு இந்தப் பாடம்?"

"இனி நான் லேப்ல அந்த நியூட்ரான் மெஷின் ரூமுக்குள்ள போக மாட்டேன். மேஜைக் கணக்கு மட்டும்தான். நேத்து பாதுகாப்பு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"இனிமே ரெண்டு உயிருக்குக் கணக்குப் போடணும்னு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "குழந்தையா?"

"ம்."

"என்கிட்ட சொல்றதுக்கு முந்தி அந்த ஆள்கிட்டயா?"

"தெரிஞ்ச உடனே அங்க சொல்லணும். அதான் முறை."

எறணாகுளம் படகுத்துறை தூறலுக்குள்ளிருந்து வந்தது. ஓரத்தில் கட்டியிருந்த டயர்களைப் படகு தொடுவதற்குள் அவன் எழுந்து அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்று, படகோட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"சேட்டா, மெல்ல! மெல்ல!"