க்ளீவ் அட்டை

“ஹலோ… நான்தான்ம்மா, அண்ணன்… ஆபீஸ்லேர்ந்துதான்… இரு, இரு, நீ ஒண்ணும் பேசாத. மாப்பிள்ளை எங்க?… குளிக்கறாரா… தண்ணி சத்தம் கேக்குதா?… சரி. அது நிக்கறதுக்குள்ள நான் சொல்றதக் கேட்டுக்க. ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு போதும்.”

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துகிற அவனை எல்லோரும் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். அந்தக் கண் இப்போது மேஜைமேல் கிடந்த ஓர் அட்டையை விட்டு நகர மாட்டேன் என்றது. அகராதிச் சொல் ஒன்றுக்கு ஓர் அட்டை; இது காலையில் மாப்பிள்ளை கொடுத்தனுப்பியது. மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். இதே அகராதிக்கு வீட்டிலிருந்தபடி சொற்பொருள் எழுதுகிறவர். நல்ல படிப்பு, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவனே புள்ளிதான்.

அட்டையில் இருந்த சொல் ‘க்ளீவ்’. வினோதமான ஆங்கில வினை. ஒரு பக்கம் பிளப்பது, வெட்டிப் பிரிப்பது என்று அர்த்தம். இணைச்சொற்கள் ஸ்ப்ளிட், செவர். இன்னொரு பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது; இணைச்சொற்கள் க்ளிங், ஸ்டிக். இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றனவோ. அது புள்ளியைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியவை கீழே இருந்த உதாரண வாக்கியங்கள்.

தலைமைப் பதிப்பாசிரியர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. உதாரணம் எழுதுகிறவர் அந்த வாரத்தில் தன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும். யார், எங்கே என்பது வாக்கியத்தில் இருந்தே ஆக வேண்டும். கற்பனை கூடாது. மற்றவர்கள் டிமிக்கி கொடுப்பார்கள், மாப்பிள்ளை கொடுக்க மாட்டார். பாப்பாவுக்குப் பல் ஆடியது, சமையலறைக் குழாய் ஒழுகியது எல்லாம் அகராதியில் ஏறியிருக்கின்றன. ஆறு வருஷமாகத் தங்கை வீட்டு நடப்பைப் புள்ளி அட்டையில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

“காலையில வந்த அட்டையப் படிக்கறேன், கேளு. ‘புதுக் கோடரி எங்கள் ஹாலில் பழைய மேஜையின் காலை ஒரே போடில் பிளந்தது.’… நிஜந்தானா?… மூணாவது மாடியில இருக்கறவங்களுக்குக் கோடரி எதுக்கும்மா?… எங்க வெச்சிருக்கார்?… கட்டிலுக்கு அடியிலயா… எந்தப் பக்கம், நீ படுக்கற பக்கமா?… ம். ரெண்டாவது வாக்கியம். ‘பிரிந்து போகிறேன் என்றவள், கோடரியைப் பார்த்ததும் எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டாள்.’… அழாத. அப்புறம் அழலாம், இப்ப அழாத.”

இரண்டு மாதத்துக்கு முன் ‘போல்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம் வந்திருந்தது: ‘எங்கள் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டால் உள்ளே இருப்பவள் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறாள்.’ அதற்கடுத்து ‘ப்ரூஸ்’: ‘அவள் தோளில் கன்றிய இடம் ஐந்தாம் நாள் மஞ்சளானது.’ இரண்டையும் புள்ளிதான் படித்தான். முதலாவதில் ஒரு காற்புள்ளி சேர்த்தான். இரண்டாவதில் திருத்த ஒன்றுமில்லை, வாக்கியம் சுத்தமாக இருந்தது என்று கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டான். படிக்கத் தெரிந்த முட்டாள் என்றால் அது தான்தான் என்று இப்போது தோன்றியது.

“கேக்குதா?… போலீஸுக்குச் சொல்லியாச்சு, வர அரை மணி ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் நீ அங்க இருக்கக் கூடாது. வாசல் சாவி எங்க?… அவர் சட்டைப் பையிலயா… சட்டை வெளியில ஆணியிலதான தொங்குது? எடுத்துக்க. பாப்பாவத் தூக்கிக்கிட்டு எதிர் வீட்டு டீச்சரம்மாகிட்டப் போயிடு. திரும்பப் பூட்டாத, சத்தம் கேட்டுரும், சும்மா சாத்திட்டுப் போ. அங்க போனதும் எங்க டைப்பிஸ்ட் அம்மா நம்பருக்கு அடி… ரிசீவர இப்படியே மேஜைமேல வெச்சிடு. அவர் வந்தா நான் பேச்சுக் குடுத்து நிறுத்திக்கறேன்… செருப்பெல்லாம் வேண்டாம்மா. போ.”

டெலிபோன் இருந்தது மாப்பிள்ளை எழுதுகிற கடைசி அறையில். ஒயர் குட்டை. பேசுகிறவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பேச முடியும், முதுகுக்குப் பின்னால் வாசல். புள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எதிர் மேஜையில் டைப்பிஸ்ட் அம்மா தன் டெலிபோன்மேல் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

“போகலயா இன்னும்… ஓ. மாப்ளே. நீங்களா… தங்கச்சிதான் எடுத்துச்சு, அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடிருச்சு… ஆமா ஆமா, அட்டை விஷயந்தான்… பெரிசா ஒண்ணுமில்ல. க்ளீவ்ல ரெண்டாவது அர்த்தத்த அடிச்சிட்டேன்… சிவப்பு மையிலதான்… ஒட்டிக்கறதுன்னு ஒரு அர்த்தம் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல.”

ஓர் அட்டை தப்பாக இருக்கிறது என்று தெரிந்தால், வீடு பற்றி எரிந்தாலும் அதைத் திருத்திவிட்டுத்தான் மாப்பிள்ளை எழுந்திருப்பார். அந்த ஒரு பலவீனத்தைத்தான் புள்ளி நம்பியிருந்தான். வாழ்க்கையில் தெரிந்து ஒரு தப்பும் விடாதவன், இப்போது வாய்க்கு வந்த தப்பையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தான்.

“சரி, சரி… கோவிச்சுக்காதீங்க. இணைச்சொல் சொல்லுங்க, எழுதிக்கறேன்… இருங்க, பேனா எழுத மாட்டேங்குது… ம், க்ளிங்… ஸ்டிக்… அட்ஹியர். அத முதல் அர்த்தத்துல, ஸ்ப்ளிட்டுக்குப் பக்கத்துல போட்டுடறேன்… ஏன், கூடாதா?… ஓகோ… அப்ப செவர் எங்க வரும்?… தெரியாமத்தான கேக்கறேன் மாப்ளே…”

மாப்பிள்ளையின் பேச்சுக்குப் பின்னால், எங்கோ, இரும்பு ‘ணக்’கென்றது. வாசல் பூட்டு. மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார்.

“இன்னொண்ணு, மாப்ளே. பார்ட்ங்கற சொல்லையும் ஒட்டிக்கறதுலயே சேர்த்துட்டேன்… ஆமா, அச்சுக்கே போயிடுச்சு… பிரியறதும் ஒட்டறதும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன்… திட்டுங்க, திட்டுங்க. நல்லாத் திட்டுங்க.”

அவர் விளக்கிக்கொண்டே போனார். புள்ளி ‘ஆமா, ஆமா’ போட்டான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எதிர் மேஜை டெலிபோன் ஒரு தடவை அடித்து நின்றது. டைப்பிஸ்ட் அம்மா காதில் வைத்துக் கேட்டாள். பிறகு ரிசீவரை வைக்காமலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். தங்கையும் பாப்பாவும் டீச்சரம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

புள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. பயம் போன இடத்தில் ஆறு வருஷம் ஏமாந்த கோபம் வந்து உட்கார்ந்தது. அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

“உதாரணமா… உங்க உதாரணம் வேண்டாம் மாப்ளே. ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன். நான் ஒண்ணு தரேன், எழுதிக்குங்க. ‘குழந்தை அம்மாவை விடாமல் ஒட்டிக்கொண்டது.’… கற்பனை இல்ல. இந்த வாரத்துல கூட இல்ல, இந்த நிமிஷம் நடந்தது… என்ன கொறச்சல் இதுல?… முழுசா இல்லையா?”

மாப்பிள்ளையின் குரல் இப்போது மிகவும் அமைதியாக இருந்தது. சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு இருந்த அதே குரல். அந்தக் குரல் சுட்டிக்காட்டிய இடத்துக்குப் புள்ளியின் பேனா தானாகப் போனது. பதினேழு வருஷமாக விடுபட்டதை எழுதியே பழகிய கை.

“அது சரிதான்… எங்கன்னு வரணும்… ‘எதிர் வீட்டு டீச்சர் வீட்டில் குழந்தை…’”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. டைப்பிஸ்ட் அம்மா இரண்டு விரலைத் தூக்கினபடியே உறைந்து நின்றாள்.

“…என்ன?… இப்ப சரியாயிடுச்சா… மாப்ளே, இருங்க. இன்னொரு தப்பு இருக்கு. இணைச்சொல் எல்லாமே தப்பு. நீங்க சொன்னத எதையும் நான் எழுதவே இல்ல… மாப்ளே… மாப்ளே…”

மாப்பிள்ளை ரிசீவரை வைக்கவில்லை, மேஜைமேல் கிடத்திவிட்டுப் போனார். நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்பு தரையில் உரசிக்கொண்டு வருகிற சத்தம்.

புள்ளி எட்டி டைப்பிஸ்ட் அம்மாவின் ரிசீவரைப் பிடுங்கி இடது காதில் வைத்துக்கொண்டான்; வலது காதில் மாப்பிள்ளை வீடு.

“அம்மாடி, அண்ணன்தான்… கதவத் தாழ் போட்டிருக்கா?… டீச்சரம்மாவையும் கூட்டிக்கிட்டு உள் ரூமுக்குப் போ… பேசாத, போ… ஆமா, நான்தான் சொல்லிட்டேன். நான்தான்ம்மா சொல்லிட்டேன்… போ…”

மரம் பிளக்கிற சத்தம் வலது காதில் எட்டத்தில் கேட்டது. அதே சத்தம் இடது காதில் கிட்டத்தில் கேட்டது. இரண்டாவது போடு விழும்போது இடது காதில் லைன் அறுந்துவிட்டது.